நொய்யலுக்குப் பிளாஸ்டிக் போகாமல் தடுக்க, கம்பெனிப் பணத்தை எதில் போடலாம்?

கோவை, திருப்பூர் பக்கம் ஒரு நடுத்தரக் கம்பெனி "ஆற்றுக்கு ஏதாவது செய்யலாம்" என்று வாய்விட்டுச் சொன்னாலே போதும், அடுத்த வாரமே நாலைந்து திட்டங்கள் மேசைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைச் சுத்தம் ஒன்று, ஓடையில் மிதவைத் தடுப்பு ஒன்று, வீடு வீடாகக் காய்ந்த குப்பை எடுக்கும் திட்டம் ஒன்று, எங்கோ பிளாஸ்டிக் எடுத்ததற்குச் சான்றாகப் பிளாஸ்டிக் கிரெடிட் விற்கும் நிறுவனம் ஒன்று. வருகிறவர்கள் பெரும்பாலும் நல்ல நோக்கத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் வருஷத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் ஒதுக்க முடிகிற ஒரு கம்பெனியால் எல்லாவற்றையும் செய்ய முடியாது. ஒன்றைத்தான் உருப்படியாகச் செய்யலாம். அது எது?

என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் விழுந்த பிறகு எடுப்பதற்குக் கொடுக்கும் பணத்தைவிட, ஓடைக்கு வருவதற்கு முன் தெருவிலேயே எடுப்பதற்குக் கொடுக்கும் பணம் அதிகம் வேலை செய்யும். அதிலும், ஒரே தடவையாக இயந்திரம் வாங்கித் தருவதைவிட, மாதாமாதம் சம்பளமாகப் போகிற பணம்தான் பலன் தரும். இது ஏன் என்று புரிய ஒவ்வொரு வழியையும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் நொய்யலைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் இந்த ஆற்றை நம் தொழில்கள் எப்படி நடத்தின என்பது ஊரறிந்த கதை. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, கீழே இருந்த விவசாயிகள் வருஷக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடந்து, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகுதான், கழிவுநீரை வெளியே விடாத பொதுச் சுத்திகரிப்பு முறை இங்கே உறுதியாகக் காலூன்றியது. சாயத்தில் ஒரு வசதி இருந்தது. எந்தப் பட்டறை, எந்தக் குழாய் என்று கைநீட்டிக் காட்ட முடிந்தது. பிளாஸ்டிக்குக்கு அப்படி ஒரு குழாய் கிடையாது. கோவையில் சங்கனூர் பள்ளம், திருப்பூரில் ஜம்மனை ஓடை, நல்லாறு, இவற்றில் வந்து சேரும் பெயரில்லாத சாக்கடைகள் என்று எல்லா வழியாகவும் வருகிறது. பேக்கரி வாசல், கறிக்கடை, பார் ஓரம், மண்டபத்துப் பின்பக்கம் என்று ஒவ்வோர் இடத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம். அதனால்தான் சாயத்துக்கு நடந்த தீர்வை இதற்கும் அப்படியே எதிர்பார்க்க முடியவில்லை.

சின்ன ஆறுதானே என்று நினைக்க வேண்டாம். உலகில் ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் 80 சதவீதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் வழியாகப் போகிறது என்றும், அவற்றில் நகரங்களின் நடுவே ஓடும் சிறிய ஆறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்றும் 2021ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. நொய்யல் அந்த ஜாதகத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

ஞாயிற்றுக்கிழமைச் சுத்தம்

இதை வேகமாகத் தாண்டிவிடலாம். இருநூறு ஊழியர்கள், டி-ஷர்ட், தொப்பி, பேனர், காலை டிபன், வாடகை ஜே.சி.பி. எடுக்கிற குப்பை உண்மையானதுதான். ஆனால் அடுத்த நல்ல மழைக்கு மேலே இருந்து அதே அளவு வந்து சேரும். செலவில் பெரும்பகுதி நிகழ்ச்சிக்குப் போகிறது, ஆற்றுக்குப் போவது கொஞ்சம்தான். பல இடங்களில் ஊழியர்களுக்கு ஒரு "துணிப்பை" கொடுக்கிறார்கள். கையில் வாங்கிக் கிழித்துப் பாருங்கள், நெய்த நூல் இருக்காது. அது பாலிபுரொப்பிலீனை அழுத்திச் செய்த நெய்யாத பை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருட்களில் அதுவும் ஒன்று.

சட்டப்படியும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாரத்தான், விருது விழா, விளம்பர ஆதரவு போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகளைச் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு) கணக்கில் காட்ட முடியாது என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2014லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. சுத்தம் செய்யும் நாளும் அப்படித்தான் பார்க்கப்படுமா என்று ஆடிட்டரைக் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தாமிரபரணியில் பாபநாசத்துக்குப் பரிகாரம் செய்ய வருகிறவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அதில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர் கலந்த துணி என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, கடையில் மலிவாகக் கிடைப்பது அதுதான். அதாவது அதுவும் பிளாஸ்டிக். பாறை இடுக்கில் சுற்றிக்கொண்டு மணலில் பாதி புதைந்து கிடக்கும் சேலையை எந்த மிதவையாலும் பிடிக்க முடியாது. ஆள் இறங்கி இழுத்தால்தான் வரும். குப்பை விழுகிற இடமும் கிடக்கிற இடமும் ஒன்றாக இருக்கும் அந்த மாதிரித் துறைகளில் சுத்தம் செய்யப் பணம் கொடுப்பது சரியான செலவு. அங்கேயும் ஒருநாள் கூட்டத்தைவிட, படித்துறையில் துணி வாங்கிப் போட ஒரு தொட்டியும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வைப்பது மேல்.

மிதவைத் தடுப்பு

கம்பெனிகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான். காரணம் புரிகிறது. கண்ணுக்குத் தெரியும், பெயர் எழுதலாம், எத்தனை டன் என்று அறிக்கையில் போடலாம். உலகத்தில் இதற்கு நல்ல முன்மாதிரிகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் ஜோன்ஸ் ஃபால்ஸ் ஓடை வந்து சேரும் வாயில் 2014 முதல் ஒரு நீர்ச்சக்கரம் சுற்றிக் குப்பையை அள்ளுகிறது. ஓடையின் ஓட்டமும் சூரிய மின்சாரமும் அதை இயக்குகின்றன. துறைமுகப் பகுதியின் மேம்பாட்டு அமைப்பு அதை நடத்துகிறது. நெதர்லாந்தின் ‘ஓஷன் கிளீனப்’ மலேசியாவின் கிள்ளான் ஆற்றிலும் மற்ற நாடுகளிலும் ‘இன்டர்செப்டர்’ படகுகளை நிறுத்தியிருக்கிறது. 2021ல் கோகோ கோலா அதோடு கைகோத்தது. அதே கோகோ கோலா, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் குப்பையைப் பிரித்துப் பிராண்ட் எண்ணும் கணக்கெடுப்பில் 2018 முதல் தொடர்ந்து பல வருஷம் முதலிடத்தில் வந்தது. ஒரு கையால் அள்ளவும் இன்னொரு கையால் கொட்டவும் முடியும் என்பதை இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் புரியும். நம் ஊர்க் கம்பெனிக்கும் அந்தக் கேள்வி வரும்.

நம் பக்கத்தில் சென்னைக் கூவத்தில், பெங்களூரைச் சேர்ந்த ஆல்ஃபாமெர்ஸ் நிறுவனம் மிதவைத் தடுப்புகள் போட்டது. பெரிய படகெல்லாம் இல்லை. மிதவைகளைக் கோத்து, கீழே வலை தொங்கவிட்டு, ஆற்றுக்குக் குறுக்கே சாய்வாகக் கட்டுகிற எளிய அமைப்பு. குப்பை நீரோட்டத்தோடு கரை ஓரமாக ஒதுங்கும், அங்கிருந்து இயந்திரம் அள்ளும். நொய்யல் மாதிரி ஆற்றுக்கு ஏற்றதும் இந்த மாதிரிதான்.

பணம் போடுவதற்கு முன் மூன்று விஷயங்களை யோசிக்க வேண்டும்.

முதலாவது, எது மிதக்கும், எது மிதக்காது என்பது. கேரி பேக், பால் கவர், டப்பா மூடி இவையெல்லாம் தண்ணீரைவிட லேசானவை, மிதக்கும். தண்ணீர் பாட்டில் செய்கிற பெட் பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கனமானது. மூடி போட்ட காலி பாட்டில் உள்ளே காற்று இருப்பதால் மிதக்கிறது. மூடி இல்லாத பாட்டில் நிறைந்து, அடியில் போய்ச் சேறோடு உட்கார்ந்துவிடும். பாலியெஸ்டர் துணி, மண் ஒட்டிய மசாலா பாக்கெட் எல்லாம் அப்படித்தான். தடுப்பில் ஒதுங்குவதை வைத்து ஆற்றில் போவதை அளக்க முடியாது.

இரண்டாவது, டன் கணக்கு. நம் ஓடைகளில் தடுப்பில் சேர்கிறதில் எடையில் பெரிய பங்கு ஆகாயத்தாமரைக்குத்தான். ஈரமும் வேருமாக அதற்கு எக்கச்சக்க எடை. அறிக்கையில் "இத்தனை டன் குப்பை தடுத்தோம்" என்று வந்தால், அதைப் பிரித்து, காயவைத்து, பிளாஸ்டிக்கை மட்டும் எடைபோட்டார்களா என்று கேளுங்கள்.

மூன்றாவது, வெள்ளம். ஒரு வருஷத்துக் குப்பையில் பெரும்பகுதி முதல் சில மழைகளில்தான் அடித்துக்கொண்டு வருகிறது. தடுப்பு அதிகம் தேவைப்படும் நாளும் அது அறுந்து போகக்கூடிய நாளும் ஒன்றுதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது தாமிரபரணியில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள், அதற்கு முன் எந்தக் கயிறும் நிற்கும் என்று சொல்லமாட்டார்கள். அதனால் வெள்ள எச்சரிக்கை வந்தால் கழற்றிவிட ஆள் வேண்டும். மற்ற நாளில் தினம் அள்ள ஆள் வேண்டும். அள்ளாமல் விட்டால் குப்பை அணைபோல் நின்று, தண்ணீர் பின்னால் ஏறி, ஓடையோரக் குடிசைக்குள் நுழையும். இந்த ஆபத்தைத் திட்ட அறிக்கையில் யாரும் எழுதுவதில்லை. ஆற்றில் எதைக் கட்டவும் நீர்வளத் துறை அனுமதி வேண்டும், மாநகராட்சி எல்லைக்குள் ஓடை என்றால் அங்கேயும் போக வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் தடுப்பே வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு சின்ன ஓடை குளத்தில் வந்து விழுகிற வாயில், அதாவது தண்ணீர் வேகம் குறைகிற இடத்தில், லாரி வந்து நிற்க வழியும் இருந்தால் போடலாம். கோவைக் குளங்களில் அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. ஆனால் தடுப்பின் விலையைப் பார்த்து முடிவெடுக்காமல், மூன்று வருஷத்துக்கு அதை அள்ளுகிற ஆட்களின் சம்பளத்தைப் போட்டுப் பாருங்கள். அந்தத் தொகையைக் கொடுக்க மனம் இல்லை என்றால் தடுப்பும் வேண்டாம்.

தெருவிலேயே எடுப்பது

மழை விட்ட மறுநாள் ஒரு பள்ளத்தில் (ஓடையை இங்கே அப்படித்தான் சொல்வோம்), தரைப்பாலத்துக் குழாயில் சிக்கிக் கிடப்பதைக் கொக்கியால் இழுத்துக் கரையில் பரப்பிப் பாருங்கள். பெட் பாட்டில் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். அட்டை, இரும்பு, அலுமினியம் அனேகமாக இருக்காது. இருப்பதெல்லாம் சிப்ஸ் கவர், மசாலா பாக்கெட், ஒரு ரூபாய் ஷாம்பு, சாம்பார் கட்டிய மெல்லிய கவர், பேப்பர் கப், பான் மசாலா பாக்கெட், டயபர்.

காரணம் எளிது. பழைய பேப்பர் கடைக்காரர் பெட் பாட்டிலைக் கிலோ கணக்கில் வாங்கிக்கொள்வார். பால் கவருக்கும் விலை உண்டு. அதனால் யாராவது பொறுக்கிவிடுகிறார்கள். சிப்ஸ் கவர் அப்படியில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அச்சு மையும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் மறுசுழற்சிக்காரருக்கு அது பயன்படாது. ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கான பாக்கெட்டைக் குனிந்து எடுக்க வேண்டும், எடுத்தாலும் வாங்க ஆளில்லை. ஆக, பள்ளத்தில் கிடப்பது விலையில்லாத பிளாஸ்டிக். அதற்கு ஒரு விலை வைப்பதுதான் கம்பெனி செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. சாஷே எனும் இந்தச் சின்னப் பாக்கெட் வியாபாரத்துக்கு இந்தியாவில் வழிகாட்டியவர் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். ஏழைக்கும் ஷாம்பு எட்டட்டும் என்ற நல்ல யோசனை அது. காலி பாக்கெட் எங்கே போகும் என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் பாக்கி இருக்கிறது.

புனேயில் குப்பை சேகரிக்கும் பெண்களும் ஆண்களும் சேர்ந்து நடத்தும் ‘ஸ்வச்’ கூட்டுறவு 2008 முதல் வீடு வீடாகக் குப்பை எடுக்கிறது. வீட்டுக்காரர் மாதக் கட்டணம் தருகிறார், விற்கிற பழைய பொருளின் காசு சேகரிப்பவருக்கே போகிறது. விலையில்லாத பாக்கெட்டை மட்டும் வெளியே இருந்து யாராவது காசு கொடுத்து வாங்கினால் அதுவும் தெருவில் நிற்காது. நம் ஊரில் ஐ.டி.சி.யின் ‘வாவ்’ திட்டம் காய்ந்த குப்பையைத் தனியே வாங்கும் பழக்கத்தைக் கோவை மாதிரி நகரங்களில் கொண்டுவந்தது.

பத்து லட்சத்தில் என்ன செய்யலாம் என்று ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாலு பேருக்கு வருஷத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். மீதி 2 லட்சத்து 80 ஆயிரத்தில் வண்டி வாடகை, கையுறை, காலணி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., விலையில்லாத பாக்கெட்டுக்குக் கிலோவுக்கு ஒரு தொகை. இந்த நாலு பேர் ஒரு நகரத்தைச் சுத்தம் செய்ய முடியாது. ஆனால் ஓடையை ஒட்டிய மூன்று நாலு தெருக்களையும், அங்கே இருக்கும் பேக்கரி, டீக்கடை, மண்டபத்தையும் விடாமல் பார்த்துக்கொள்ள முடியும். மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஊராட்சிகளில் ஏற்கெனவே தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் இல்லாமல் போவது எடுத்ததைப் பிரிக்க ஒரு கொட்டகையும், கட்டி அமுக்கும் பேல் மெஷினும், லாரி ஏற்றிவிடும் செலவும்தான். அதை ஒரு கம்பெனி ஏற்றுக்கொண்டால் அந்த ஊராட்சியே திரும்பும்.

சரி, அமுக்கிக் கட்டிய சிப்ஸ் கவர் எங்கே போகும்? இப்போதைக்கு அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலை உலைக்கு. நிலக்கரிக்குப் பதிலாக எரிப்பது மறுசுழற்சி ஆகாது, அப்படி யாராவது எழுதிக் கொடுத்தால் திருத்தச் சொல்லுங்கள். ஆனாலும் பள்ளத்தோரம் நெருப்பு வைத்து, பக்கத்து வீட்டுக் குழந்தை அந்தப் புகையைச் சுவாசிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்த வழியின் குறை ஒன்றை மறைக்கக் கூடாது: போட்டோ எடுக்க ஒன்றும் இருக்காது. குப்பை வராத ஓடையை எப்படிப் படம் பிடிப்பது? அதனால்தான் இயக்குநர் கூட்டத்தில் இந்தத் திட்டம் அடிக்கடி தோற்கிறது. கூட்டத்தில் இதற்காகப் பேசுகிறவர், முதல் மழைக்குப் பின் அதே தரைப்பாலத்தில் எடுத்த எடையை வருஷாவருஷம் அளந்து கொண்டுபோய்க் காட்டட்டும். அதைவிட நல்ல சான்று கிடையாது.

கிரெடிட்டும் சான்றிதழும்

இங்கே இரண்டைக் குழப்பிக்கொள்கிறார்கள். இ.பி.ஆர். (உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு) என்பது சட்டக் கடமை. தன் பிராண்டில் பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கிற நிறுவனம், தான் சந்தையில் விட்ட அளவுக்குத் திரும்ப எடுத்துப் பதப்படுத்தியதற்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 2022 பிப்ரவரி விதிகள் சொல்கின்றன. பிராண்ட் உரிமையாளர்களில் குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. பிளாஸ்டிக் கிரெடிட் என்பது விருப்பப்பட்டு வாங்குவது: எங்கோ ஒருவர் ஒரு டன் எடுத்தார், அதற்கு நீங்கள் பணம் தருகிறீர்கள்.

இரண்டிலும் பலவீனம் ஒன்றே. நீங்கள் வாங்குவது ஒரு காகிதம். 2023ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தணிக்கையில் லட்சக்கணக்கில் போலி இ.பி.ஆர். சான்றிதழ்கள் பிடிபட்டன. காகிதம் உண்மையாகவே இருந்தாலும், அந்த டன் வேறு மாநிலத்தில் எடுத்ததாக இருக்கலாம், எப்படியும் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கக்கூடிய நல்ல பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். நொய்யலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கடமை என்றால் இ.பி.ஆர். கட்டித்தான் ஆக வேண்டும். ஆற்றுக்காக ஒதுக்கிய பணத்தில் கிரெடிட் வாங்க நான் சொல்லமாட்டேன்.

உங்கள் சொந்தக் கவர்

மேலே சொன்ன எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. பனியன் கம்பெனி என்றால் ஒவ்வொரு உருப்படியும் ஒரு பாலிபேக்கில் போகிறது. வெளிநாட்டு பையர் சொல்கிறபடி செய்கிறீர்கள் என்றால் அவரிடம் கேட்கலாம். உள்நாட்டு ஆர்டரில் முடிவு உங்கள் கையில். மூன்று பனியனை ஒரே பையில் போட்டாலே பிளாஸ்டிக் வெகுவாகக் குறையும். மசாலா, நொறுக்குத் தீனி செய்கிறவர்கள், அடுக்கு உறைக்குப் பதில் ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் உறை போட்டால், அதற்குப் பழைய பேப்பர் கடையில் விலை கிடைக்கும். விலை கிடைத்தால் அது பள்ளத்துக்கு வராது. கேன்டீனில் பேப்பர் கப்பை விட்டு எவர்சில்வர் டம்ளருக்குத் திரும்புவதும் இதில் சேர்த்தி.

காலியைத் திருப்பிக் கொடுத்தால் காசு என்ற முறை வேலை செய்யுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் நீலகிரியைப் பார்க்கலாம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2022ல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். அது கண்ணாடிதான், ஆனால் காட்டிலும் ஓடையிலும் உடைந்து கிடந்த பாட்டில்களுக்குக் காசு வந்ததும் அவை கடைக்குத் திரும்பின. ஜூஸ், சோடா, தண்ணீர் விற்கிற உள்ளூர்க் கம்பெனிகள் இதைத் தங்கள் விநியோக வண்டியிலேயே செய்யலாம், காலி கிரேட் எப்படியும் திரும்பி வருகிறதே.

பண ஒதுக்கீட்டில் இதைக் கவனியுங்கள். கடந்த மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சி.எஸ்.ஆர். செலவு செய்ய வேண்டிய கம்பெனியாக இருந்தாலும், சொந்தக் கவரை மாற்றும் செலவை அதில் காட்ட முடியாது, அது உங்கள் வியாபாரம். இ.பி.ஆர். செலவும் சட்டக் கடமை என்பதால் சேராது. சேகரிப்புத் திட்டம் சேரும். தொடங்கிய வருஷம் போக மூன்று வருஷம் வரை தொடரும் திட்டமாகவே அதை எழுதிக்கொள்ளலாம். பலருக்கு இந்த வசதி தெரியாததால், ஒவ்வொரு மார்ச்சிலும் அவசரமாகச் செலவழித்துவிட்டு அடுத்த வருஷம் வேறு திட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். நாலு பேரின் சம்பளம் நடுவில் நிற்கும்போது அந்தத் தெரு பழையபடி ஆகிவிடுகிறது.

ஒரு கம்பெனியின் பத்து லட்சம் சின்னத் தொகைதான். கோவைத் தொழில் நிறுவனங்கள் கைகோத்து 2003ல் தொடங்கிய ‘சிறுதுளி’ குளங்களைத் தூர்வாரியதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. அதேபோல ஒரு ஓடையை நாலு கம்பெனிகள் சேர்ந்து எடுத்துக்கொண்டால், மேலே சேகரிப்பும் கீழே குளத்து வாயில் ஒரு தடுப்பும் இரண்டுமே முடியும். அந்த நிலையில்தான் தடுப்புக்கு அர்த்தம் வருகிறது: மேலே தவறியதைக் கீழே பிடிக்கும், எந்தத் தெருவில் தவறுகிறது என்றும் சொல்லும்.

யாரோடு ஒப்பந்தம் போட்டாலும் நாலு வரி அதில் இருக்க வேண்டும். வேலை செய்கிறவரின் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் கொடுக்கப்படும். பிளாஸ்டிக்கைக் காயவைத்து வகை பிரித்து எடைபோட்ட கணக்கு. எடுத்தது போய்ச் சேர்ந்த இடத்தின் ரசீது. கம்பெனி விலகுவதாக இருந்தால் எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்பது. தென்மேற்குப் பருவமழை ஜூனில் மலையில் தொடங்கிவிடும், வடகிழக்கு அக்டோபரில் வரும். ஏப்ரலில் கையெழுத்தானால்தான் ஆட்கள் தெருவைப் பழகி, கடைக்காரர்களோடு பேசி, முதல் வெள்ளத்துக்கு முன் பள்ளத்தோரத்தைக் காலி செய்ய நேரம் இருக்கும்.